வைரத்தின் ஜொலிப்பும் வண்ணப் பொறியும்: பட்டை வெட்டைப் பார்த்து வாங்க ஒரு முழு வழிகாட்டி

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணத்தில் வைரம் அடிக்கடி வாங்கும் பொருள் இல்லை. மகளின் கல்யாணம், பேத்தியின் சடங்கு, கூட்டுப் பணம் கைக்கு வந்த மாதம் என்று எப்போதாவதுதான் வாங்குகிறோம். அப்படி வாங்கிய கல்லைப் பதிப்பதற்காகப் பட்டறைக்குக் கொண்டுவருபவர்களிடம் கடையில் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால், எடை, விலை, சான்றிதழ் என்று உடனே பதில் வரும். வெட்டைப் பற்றிச் சொல்பவர்கள் மிகவும் குறைவு.

நிறமும் தெளிவும் கல்லோடு பிறந்தவை. வெட்டு மட்டுமே மனிதன் கையால் அமைவது. ஒரே எடையும் ஒரே நிறமும் ஒரே தெளிவும் உள்ள இரண்டு கற்களை அருகருகே வைத்தால் ஒன்று டாலடிக்கும், மற்றொன்று மங்கிக் கிடக்கும். அந்த வேறுபாட்டைக் கடையில் நின்றபடியே கண்டுகொள்ளும் முறையைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். படிகளின் வரிசையை மாற்றிவிடாதீர்கள். கண்ணுக்கு முதலிடம், காகிதத்துக்குக் கடைசி இடம். சான்றிதழை முதலில் படித்துவிட்டால், அதில் எழுதியிருப்பதையே கண்ணும் கல்லில் தேடிக் கண்டுபிடித்துவிடும்.

1. புறப்படும் முன்

பத்து மடங்கு பெரிதாக்கும் லூப் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். விலை அதிகமில்லை. மில்லிமீட்டர் காட்டும் சிறிய அளவுகோல், பஞ்சு உதிராத மெல்லிய துணி, சிவப்புக் காகிதத் துண்டு, நடுவில் பேனா முனை அளவுக்குத் துளையிட்ட வெள்ளை அட்டை, டார்ச் உள்ள கைப்பேசி ஆகியவையும் வேண்டும். எதற்கு என்பது அந்தந்தப் படியில் தெரியும்.

வெள்ளை அல்லது சாம்பல் நிறச் சட்டை அணிந்து போங்கள். வைரம் தன் எதிரே இருப்பதையெல்லாம் பிரதிபலிக்கும். சிவப்புப் புடவையோ மஞ்சள் சட்டையோ அணிந்து குனிந்தால் அந்த நிறம் கல்லுக்குள் ஏறிவிடும்.

காலை பத்து மணிவாக்கில் போவது நல்லது. நம் பக்கம் பிற்பகலில் மழை கட்டிவிட்டால் கடைக்குள் மின்விளக்கைத் தவிர வேறு வெளிச்சம் இருக்காது. மேகம் மூடிய காலை வானம்தான் வைரம் பார்க்க மிகச் சிறந்த விளக்கு.

கடைசியாக, நகையாகப் பதித்த கல்லைவிட உதிரிக் கல்லாகப் பார்க்க முடியுமா என்று முன்கூட்டியே கேட்டுவையுங்கள். பதித்த கல்லின் அடிப்பாகம் தங்கத்துக்குள் மறைந்துவிடும். வெட்டின் குறைகள் பெரும்பாலும் அந்த அடிப்பாகத்தில்தான் இருக்கும்.

2. மூன்று ஒளிகளைப் பிரித்துப் பார்க்கப் பழகுங்கள்

புதியவர்கள் எல்லாவற்றையும் சேர்த்து 'நன்றாக மின்னுகிறது' என்று சொல்லிவிடுகிறார்கள். மின்னுவதில் மூன்று வேலைகள் நடக்கின்றன.

முதலாவது ஜொலிப்பு. மேலேயிருந்து கல்லுக்குள் நுழைந்த வெள்ளை ஒளி, அடியில் ஒழுகிப் போகாமல் மீண்டும் நம் கண்ணுக்கே திரும்புவது. இரண்டாவது வண்ணப் பொறி. அதே வெள்ளை ஒளி சிவப்பு, பச்சை, நீலம் என்று பிரிந்து வெளியே தெறிப்பது. மூன்றாவது மினுமினுப்பு. கல்லோ விளக்கோ நாமோ அசையும்போது வெளிச்சப் புள்ளிகளும் இருண்ட புள்ளிகளும் இடம் மாறுவது.

இதற்கான காரணத்தைத் தெரிந்துகொண்டால் பின்வரும் படிகள் எளிதாகும். வைரத்தின் ஒளிவிலகல் எண் 2.42. அதனால் உள்ளே போன ஒளி, ஒரு பட்டையின் செங்குத்துக் கோட்டிலிருந்து சுமார் 24.4 டிகிரிக்கு மேல் சாய்ந்து மோதினால் வெளியேற முடியாமல் முழுவதுமாக உள்ளேயே திரும்புகிறது. சாதாரணக் கண்ணாடியில் இந்த எல்லை 41 டிகிரிக்கு அருகில் இருப்பதால் ஒளி எளிதாகத் தப்பிவிடும். வைரம் ஒளியைப் பிடித்துவைக்கும் பொருள்தான். ஆனால் பட்டைகளின் கோணம் தவறினால் அந்தக் குணம் பயன்படாது. ஓட்டைக் குடத்தில் ஊற்றிய தண்ணீர் போல ஒளி அடியில் போய்விடும்.

வண்ணப் பொறிக்குக் காரணம் வேறு. சிவப்பு ஒளிக்கு வைரத்தின் ஒளிவிலகல் எண் 2.407, ஊதா ஒளிக்கு 2.451. இந்த 0.044 வேறுபாட்டால் நிறங்கள் சற்றே வெவ்வேறு திசையில் பிரிகின்றன. ஒளி எவ்வளவு சாய்வாக வெளியேறுகிறதோ அவ்வளவு அகலமாகப் பிரியும். அதனால்தான் மேற்பகுதியின் சரிவான பட்டைகள் வண்ணத்தைத் தருகின்றன, நடுவில் உள்ள பெரிய தட்டைப் பட்டை வெள்ளை ஒளியைத் தருகிறது. ஒன்றைக் கூட்டினால் மற்றொன்று குறையும். வெட்டுபவரின் திறமையெல்லாம் இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கே நிறுத்துவது என்பதில் இருக்கிறது.

3. பார்க்கும் முன் துடையுங்கள், வீட்டு நகையென்றால் கழுவுங்கள்

வைரத்தின் மேற்பரப்பில் தண்ணீர் ஒட்டாது, எண்ணெய் நன்றாக ஒட்டும். சுரங்கங்களில் கற்குழம்பிலிருந்து வைரத்தைப் பிரிக்கக் கிரீஸ் பூசிய மேசைகளைப் பயன்படுத்தியதும் இந்தக் குணத்தை நம்பித்தான். கடைக்காரர் விரலால் எடுத்துக் கொடுத்த கல்லில் விரல் எண்ணெய் ஒட்டியிருக்கும். துணியால் துடைத்து, இடுக்கியால் பிடித்துப் பாருங்கள்.

வீட்டிலுள்ள தோடு, மூக்குத்தி, பேசரி ஆகியவற்றில் தேங்காய் எண்ணெயும் சந்தனமும் சோப்பும் கல்லின் அடியில் படிந்துகிடக்கும். தேங்காய் எண்ணெய் படிந்த பட்டையில், ஒளியைப் பிடித்துவைக்கும் எல்லை 24.4 டிகிரியிலிருந்து சுமார் 37 டிகிரிக்கு ஏறிவிடுகிறது. அந்த இடைவெளிக்குள் மோதும் ஒளி பெரும்பாலும் ஒழுகிவிடும். கல் 'செத்துவிட்டது' என்று விற்க வருபவர்களின் நகையைக் கழுவிக் காட்டினாலே பலர் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள்.

வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டு, நகையைக் கால் மணி நேரம் ஊறவைத்து, குழந்தைகளுக்கான மென்மையான பல்துலக்கியால் கல்லின் பின்புறத்திலிருந்து தேயுங்கள். முன்புறம் மட்டும் தேய்ப்பதுதான் பொதுவான தவறு. அழுக்கு பின்னால்தான் இருக்கிறது. குழாயடியில் கழுவாமல் கிண்ணத்தில் கழுவுங்கள். பிடி தளர்ந்த கல் சாக்கடைக்குள் போனால் கிடைக்காது. குளோரின் கலந்த வெளுப்பான் வேண்டாம், அது தங்கத்தைக் கெடுக்கும். முத்தும் பவளமும் சேர்ந்த நகையை ஊறவைக்காதீர்கள்.

4. விளக்கை வரிசையாக மாற்றுங்கள்

இந்தப் படியில்தான் பெரும்பாலானோர் ஏமாறுகிறார்கள். நகைக்கடைக் கண்ணாடிப் பெட்டிக்கு மேலே புள்ளி புள்ளியாகச் சின்ன விளக்குகள் எரிகின்றன. புள்ளி விளக்கு ஒவ்வொன்றும் ஒவ்வொரு பட்டையிலும் தெறித்து வண்ணம் காட்டும். சுமாரான வெட்டுள்ள கல்லும் அங்கே திருவிழாக் கோலம் பூணும். அந்தக் காட்சியைக் கண் ஒருமுறை பார்த்துவிட்டால் பிறகு நடுநிலையாக எடைபோடாது. ஆகவே அதைக் கடைசிக்குத் தள்ளுங்கள்.

முதலில் கல்லைக் கடை வாசலுக்குக் கொண்டுபோய்ப் பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள். கடைக்காரர் ஒருவர் கூடவே வரட்டும், அது நியாயமும்கூட. கூரை மூடிய நடைபாதையின் விளிம்பில், வெயில் படாமல் வானம் தெரியும் இடத்தில் நில்லுங்கள். பரவிய ஒளியில் வண்ணம் அநேகமாகத் தெரியாது. ஜொலிப்பு மட்டும் தனியாக நிற்கும். கல்லின் முகம் ஓரம் வரை வெளிச்சமாக இருக்கிறதா, எந்த இடமாவது சாம்பலாகச் செத்துக் கிடக்கிறதா என்று பாருங்கள்.

கல்லைக் கண்ணிலிருந்து ஒரு அடி தள்ளிப் பிடியுங்கள். மூக்குக்கு நேரே கொண்டுவந்தால் உங்கள் தலையே வெளிச்சத்தை மறைத்து, நல்ல கல்லின் நடுவிலும் கருமை விழும்.

அடுத்துக் கடைக்குள் வந்து குழல்விளக்கின் கீழ் பாருங்கள். வீட்டிலும் கோயிலிலும் பள்ளி மண்டபத்திலும் அந்த நகை பெரும்பாலும் இந்த மாதிரி வெளிச்சத்தில்தான் இருக்கப்போகிறது.

மூன்றாவதாக வண்ணப் பொறிக்கான சோதனை. துளையிட்ட வெள்ளை அட்டையை எடுங்கள். கடையின் ஓரமாக, நிழலான இடத்தில் கல்லை முகம் மேலாக வையுங்கள். கல்லுக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் அட்டையைப் பிடித்து, அட்டைக்கு மேலேயிருந்து டார்ச் ஒளியைத் துளை வழியாகக் கல்லின் மேல் விழவிடுங்கள். கல்லிலிருந்து திரும்பும் ஒளி அட்டையின் அடிப்பக்கத்தில் புள்ளிகளாக விழும். சற்றே சாய்ந்து அந்த அடிப்பக்கத்தைப் பாருங்கள். ஒரு முனையில் சிவப்பும் மறுமுனையில் நீலமுமாக நீண்டு விழும் புள்ளிகள் பல இருந்தால் வண்ணப் பொறி வலுவானது. வெள்ளையாக, நெருக்கமாக, மங்கலாகக் கிடந்தால் வலுவற்றது. இரண்டு கற்களை அடுத்தடுத்து ஒரே உயரத்தில் வைத்துப் பார்த்தால் எந்தப் பயிற்சியும் இல்லாதவருக்கும் வேறுபாடு விளங்கும்.

நேர் வெயிலில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். உச்சி வெயிலில் கண்மணி சுருங்கிவிடுவதால் நல்ல வைரமும் கறுத்துத் தெரியும், நடுநடுவே கூர்மையான வண்ணங்கள் மட்டும் தெறிக்கும். கல் கறுப்பு என்று அதைத் திருப்பிக் கொடுத்தவர்களும் இருக்கிறார்கள்.

5. வட்டக் கல்லின் முகத்தைப் படியுங்கள்

கடைகளில் அதிகம் கிடைப்பது வட்ட பிரில்லியன்ட் வெட்டு. மேற்பகுதியைக் கிரௌன் என்பார்கள், அதில் 33 பட்டைகள். அவற்றில் நடுவில் இருக்கும் பெரிய தட்டைப் பட்டையின் பெயர் டேபிள். கூம்பாக இறங்கும் அடிப்பகுதி பெவிலியன், அதில் 24 பட்டைகள். ஆக 57. அடி நுனியைச் சிறு பட்டையாகத் தேய்த்திருந்தால் 58. மேலும் கீழும் சந்திக்கும் இடுப்புக்குக் கர்டல் என்று பெயர்.

ஜொலிப்பை முடிவு செய்வதில் பெவிலியன் கோணத்துக்கே முதலிடம். நேராக உள்ளே இறங்கும் ஒளி, பெவிலியனின் ஒரு பக்கத்தில் மோதி, எதிர்ப் பக்கத்துக்குத் தாவி, மேலே திரும்ப வேண்டும். இடுப்பின் தளத்திலிருந்து அளக்கும் அந்தக் கோணம் 41 டிகிரியை ஒட்டி இருந்தால் இது ஒழுங்காக நடக்கிறது. ஒரு டிகிரி, இரண்டு டிகிரி தவறினாலும் கண்ணுக்குத் தெரிந்துவிடும். கிரௌன் கோணம் அவ்வளவு கடுமையானது இல்லை. கொஞ்சம் விட்டுக்கொடுக்கும்.

இப்போது கல்லின் முகத்தைப் பாருங்கள். நடுவில் டேபிளுக்கு அடியில் ஆணித்தலை போல வட்டமான கருமை நிலையாக நின்றால், பெவிலியன் மிக ஆழமாகிவிட்டது என்று பொருள். கல்லை மெல்ல அசைத்தாலும் அந்தக் கருமை போகாது. இதற்கு நேர்மாறாக, டேபிளுக்குள்ளே ஒரு வெள்ளை வளையம் தெரிந்தால் பெவிலியன் ஆழமற்றது. அந்த வளையம் இடுப்பின் பிரதிபலிப்பு. தொழிலில் மீன்கண் என்று சொல்வார்கள். சில கற்களில் நேராகப் பார்க்கும்போது மீன்கண் தெரியாது, சற்றே சாய்த்ததும் ஒரு பக்கம் பிறை போல எழும்பும். ஆகவே சாய்த்துப் பார்க்காமல் விடாதீர்கள். மூக்குத்தியும் தோடும் யாருக்கும் நேராக முகம் காட்டி நிற்பதில்லை.

அடுத்து சிவப்புக் காகிதம். உதிரிக் கல்லை அதன் மேல் முகம் மேலாகப் பிடித்து, நேர் மேலேயிருந்து பாருங்கள். கல்லுக்குள் சிவப்பு தெரியும் இடமெல்லாம் ஒளி ஒழுகும் இடம். நல்ல வெட்டில் ஓரத்தில் சிறு கீற்றுகளாக மட்டும் தெரியும். நடுவில் அகலமாகச் சிவப்பு ஏறினால் அந்தக் கல்லைத் தள்ளிவையுங்கள். இந்த ஒரு சோதனையை மட்டுமாவது செய்யுங்கள் என்று வருகிறவர்கள் எல்லோரிடமும் சொல்கிறேன்.

கருமையே இருக்கக் கூடாது என்று நினைப்பதும் தவறு. நல்ல கல்லில் இருண்ட கீற்றுகள் ஒழுங்கான இடைவெளியில், அம்புகள் போல நடுவைச் சுற்றி நிற்கும். அசைத்தால் அவை ஒளிரும், பக்கத்தில் இருப்பவை இருளும். மினுமினுப்பு பிறப்பது இப்படித்தான்.

6. வெட்டு வகைக்கு ஏற்ப எதிர்பார்ப்பை மாற்றுங்கள்

வட்டத்தை எடைபோட்ட அதே அளவுகோலால் மற்ற வெட்டுகளை எடைபோட முடியாது.

நம் நகைகளில் அதிகம் வருவது சிறு கற்கள். மூக்குத்திக் கல் 2 மில்லிமீட்டர் என்றால் சுமார் 0.03 கேரட், 3 மில்லிமீட்டர் என்றால் சுமார் 0.10 கேரட். இவ்வளவு சிறிய கல்லில் 57 பட்டைகளும் வெட்டினால் முழு வெட்டு, 17 பட்டைகளே வெட்டினால் சிங்கிள் வெட்டு. பட்டை அதிகமானால் ஒளிப்புள்ளிகளும் அதிகமாகும், ஆனால் ஒவ்வொன்றும் சிறுத்துவிடும். மிகச் சிறிய கல்லில் அந்தப் புள்ளிகளைக் கண்ணால் பிரிக்க முடியாமல் வெறும் வெண்மையாகக் கலந்துவிடும். ஒன்றரை மில்லிமீட்டருக்குக் கீழே நன்றாக வெட்டிய சிங்கிள் கல் தெளிவாகப் பளிச்சிடும் என்பது என் கணிப்பு. 2 மில்லிமீட்டருக்கு மேல் முழு வெட்டையே கேளுங்கள். ஒரே பேசரியில் இரண்டையும் கலக்கவிடாதீர்கள். கலந்தால் சில கற்கள் மட்டும் மங்கியதாகத் தோன்றும், குறை எங்கே என்று யாருக்கும் புரியாது.

பாட்டி காலத்துப் பேசரியிலும் தோட்டிலும் பழைய வெட்டுக் கற்கள் இருக்கலாம். டேபிள் சிறியது, கிரௌன் உயரமானது, அடி நுனி தட்டையாக வெட்டப்பட்டது. முகத்தின் நடுவில் சிறு வட்டம் தெரிவதை வைத்து அடையாளம் காணலாம். பகல் வெளிச்சத்தில் இன்றைய வெட்டைவிட ஜொலிப்பு குறைவு. விளக்கு வெளிச்சத்தில் பெரிய பெரிய வண்ணப் பொறிகள் மெதுவாக எழும். இதைப் 'பழைய கல், ஒளி போதாது' என்று சொல்லி எடைக்கு மாற்றிக்கொள்ள வந்தால் கொடுக்காதீர்கள். புதிதாக வெட்டித் தருகிறேன் என்றாலும் யோசியுங்கள். மறுவெட்டில் எடை கணிசமாகக் குறையும், அந்த வண்ணப் பொறியும் திரும்பி வராது.

ரோஸ் வெட்டில் பெவிலியனே கிடையாது. அடி தட்டை, மேலே குவிந்த முக்கோணப் பட்டைகள். ஒளி பெரும்பாலும் ஊடுருவிப் போய்விடும். குறைந்த எடையில் பெரிய முகம் கிடைக்கும், மென்மையான பளபளப்பு கிடைக்கும். டாலடிப்பை எதிர்பார்த்து வாங்கினால் ஏமாற்றம்தான்.

ஓவல், பேரிக்காய், மார்க்கீஸ் ஆகிய நீள வடிவங்களில் நடுவில் குறுக்காக, கழுத்துப் பட்டி முடிச்சு போன்ற ஒரு கருநிழல் விழும். நீளவாக்கில் ஒரு கோணமும் குறுக்குவாக்கில் வேறு கோணமும் வருவதால், நடுப்பகுதிப் பட்டைகள் பார்ப்பவரின் தலை நிழலையே திருப்பிக் காட்டுகின்றன. லேசான நிழல் பரவாயில்லை. கல்லை இப்படியும் அப்படியும் அசைத்தாலும் அது கலையாமல் நின்றால் வேண்டாம். சான்றிதழில் இந்த நிழலைப் பற்றி ஒரு வரியும் இருக்காது. கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

பிரின்சஸ் என்னும் சதுர வெட்டு ஆழமானது. எடையின் பெரும்பங்கு அடியில் இருக்கும், அதே எடையுள்ள வட்டக் கல்லைவிட முகம் சிறியதாகத் தெரியும். கூர்மையான மூலைகள் உடையக்கூடியவை என்பதால் நான்கு மூலைகளையும் கட்டாயம் மூடிப் பதிக்க வேண்டும். குஷன் வெட்டில் இரண்டு போக்கு உண்டு. ஒன்று பழைய வெட்டைப் போலப் பெரிய பொறிகளைத் தரும், மற்றொன்று நொறுங்கிய ஐஸ் போலச் சின்னச் சின்ன மினுக்குகளைத் தரும். இது ரசனையைப் பொறுத்தது.

எமரால்டு வெட்டும் ஆஷர் வெட்டும் படிப்படியான நீண்ட பட்டைகள் கொண்டவை. மினுமினுப்பு குறைவு, அகலமான ஒளிக்கீற்றுகள் மெதுவாகத் திரும்பும். உள்ளே உள்ள புள்ளியும் கீறலும் திறந்த ஜன்னலில் தெரிவதால் தெளிவுக்கு அதிகம் செலவிட வேண்டும்.

7. இப்போது சான்றிதழைத் திறவுங்கள்

வைரம் வெட்டும் குடும்பத்தைச் சேர்ந்த பொறியாளர் மார்செல் டோல்கோவ்ஸ்கி 1919-இல் கணக்கிட்டு வெளியிட்ட அளவுகள் வட்டக் கல்லுக்கு இன்றும் அடிப்படை (சதவீதமெல்லாம் கல்லின் விட்டத்தில்): டேபிள் 53 சதவீதம், கிரௌன் கோணம் 34.5 டிகிரி, பெவிலியன் கோணம் 40.75 டிகிரி. இன்று கடையில் தேடும்போது டேபிள் 54 முதல் 58 சதவீதம், கிரௌன் 34 முதல் 35 டிகிரி, பெவிலியன் 40.6 முதல் 41 டிகிரி, மொத்த ஆழம் சுமார் 59 முதல் 62.5 சதவீதம் என்ற எல்லைக்குள் இருந்தால் பாதுகாப்பு.

இந்த எண்களைத் தனித்தனியாகப் பார்ப்பதுதான் ஓரளவு தெரிந்தவர்கள் செய்யும் தவறு. கிரௌன் செங்குத்தாக ஏறினால் பெவிலியன் கொஞ்சம் இறங்க வேண்டும், கிரௌன் தாழ்ந்தால் பெவிலியன் கொஞ்சம் ஏற வேண்டும். கிரௌன் 36 டிகிரியும் பெவிலியன் 41.4 டிகிரியும் சேர்ந்து வந்தால், இரண்டும் ஒரே பக்கம் தவறியிருக்கின்றன. டேபிளின் ஓரத்தைச் சுற்றி ஒளி ஒழுகுகிறதா என்று சிவப்புக் காகிதத்தில் மறுபடியும் பாருங்கள்.

வைரங்களைத் தரம் பார்த்துச் சான்றிதழ் தரும் ஜிஐஏ நிறுவனம் 2006 முதல் வட்ட பிரில்லியன்டுக்கு எக்ஸலன்ட் தொடங்கிப் புவர் வரை ஐந்து தரங்களில் வெட்டுத் தரம் அளிக்கிறது. எக்ஸலன்ட் என்பது ஒரு புள்ளி இல்லை, ஒரு பரப்பு. அந்தப் பரப்பின் நடுவில் இருக்கும் கல்லும் விளிம்பில் இருக்கும் கல்லும் ஒரே சொல்லைத்தான் பெறும். சான்றிதழில் உள்ள கோணங்களும் எட்டுப் பக்கங்களின் சராசரி, அதையும் கிரௌனுக்கு அரை டிகிரிக்கும் பெவிலியனுக்கு 0.2 டிகிரிக்கும் முழுமையாக்கி எழுதுகிறார்கள். ஐந்தாவது படியில் கண்ணுக்குப் பிடிக்காத கல்லை இந்தச் சொல்லுக்காக வாங்காதீர்கள்.

எடையையும் மில்லிமீட்டரையும் ஒப்பிடுங்கள். நன்றாக வெட்டிய வட்டக் கல் 1 கேரட் என்றால் விட்டம் சுமார் 6.5 மில்லிமீட்டர், அரை கேரட் என்றால் சுமார் 5.1, கால் கேரட் என்றால் சுமார் 4.1. ஒரு கேரட் கல் 6.1 மில்லிமீட்டர் மட்டுமே இருந்தால், மிச்ச எடை ஆழத்திலோ தடித்த இடுப்பிலோ ஒளிந்திருக்கிறது. அரை கேரட், ஒரு கேரட் என்ற எல்லைகளில் விலை ஏறுவதால், அந்த எல்லையைத் தாண்டச் சில வெட்டுபவர்கள் எடையைக் கழிக்காமல் விடுகிறார்கள். அழகாக வெட்டிய 0.90 கேரட் கல்லின் முகம் அந்தக் கனத்த ஒரு கேரட் கல்லைவிடப் பெரியதாகவே தெரியும். நான் வாங்கினால் 0.90-ஐத்தான் வாங்குவேன்.

இடுப்பில் லேசரால் பொறித்த எண்ணை லூப்பில் படித்து, சான்றிதழ் எண்ணோடு ஒத்துப்பாருங்கள்.

8. வண்ணம் அதிகம் என்பதால் வைரம் என்று முடிவு செய்யாதீர்கள்

நிறத்தைப் பிரிக்கும் அளவு வைரத்துக்கு 0.044. வைரம் போலத் தோன்றும் செயற்கைக் கல்லான கியூபிக் சிர்கோனியாவுக்கு 0.060. அதேபோன்ற மற்றொரு கல்லான மொய்சனைட்டுக்கு 0.104. வானவில் தாராளமாகத் தெறித்தால் மகிழ்வதற்கு முன் சந்தேகப்படுங்கள். மொய்சனைட்டை லூப்பில் சற்றே சாய்த்துப் பார்த்தால் அடிப்பட்டைகளின் விளிம்புகள் இரட்டைக் கோடுகளாகத் தெரியும். வைரத்தில் ஒற்றைக் கோடுதான். வெப்பத்தை மட்டும் அளக்கும் பேனா வகைக் கருவி மொய்சனைட்டையும் வைரம் என்றே காட்டும், ஆகவே அதை மட்டும் நம்ப வேண்டாம்.

ஆய்வகத்தில் வளர்த்த வைரம் வேறு கதை. அதுவும் வைரமே, ஒளிவிலகல் எண்ணும் அதேதான். கண்ணாலும் லூப்பாலும் பிரிக்க முடியாது, ஆய்வுக்கூடக் கருவி வேண்டும். ஆனால் மேலே சொன்ன வெட்டுச் சோதனைகள் அனைத்தும் அதற்கும் அப்படியே பொருந்தும். விலை குறைவு என்பதற்காக வெட்டில் விட்டுக்கொடுக்கத் தேவையில்லை.

9. பதிக்கக் கொடுக்கும்போது

நல்ல வெட்டுள்ள கல்லுக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் வரவேண்டிய தேவையில்லை. மேலிருந்து வந்ததையே அது திருப்பி அனுப்பும். ஆனாலும் பின்புறம் திறந்த பதிப்பைக் கேளுங்கள். காரணம் கழுவுவதுதான். பின்புறம் மூடிய கூட்டுக்குள் எண்ணெயும் சோப்பும் புகுந்துவிட்டால் வெளியே எடுக்க வழியில்லை, மூன்றாவது படியில் சொன்ன ஒழுக்கு நிரந்தரமாகிவிடும்.

சிறு கல்லுக்குத் தடித்த பிடிகள் வேண்டாம். 2 மில்லிமீட்டர் கல்லின் மேல் நான்கு கனத்த பிடிகள் ஏறினால் வண்ணம் தரும் கிரௌன் பட்டைகளில் பெரும்பகுதி மறைந்துவிடும். பிடியைப் பொடியாகவும் உறுதியாகவும் வைக்கச் சொல்லுங்கள்.

கல்லை ஒப்படைக்கும் முன் பதிப்பவரின் எதிரிலேயே எடை போட்டு, விட்டத்தை அளந்து, லூப்பில் தெரியும் உள்புள்ளிகளின் இடத்தை ஒரு சிறு வரைபடமாகக் குறித்து, இரண்டு பேரும் கையெழுத்திடுங்கள். சான்றிதழ் உள்ள கல் என்றால் லேசர் எண் பிடிக்கு அடியில் மறையாதபடி பதிக்கச் சொல்லுங்கள். நகை கைக்கு வந்ததும் பணம் கொடுக்கும் முன் அதே வரைபடத்தை வைத்து லூப்பில் பாருங்கள். கல்லின் விளிம்பில் புதிதாகச் சிதைவு இருக்கிறதா என்று தேடுங்கள், காதருகே வைத்து விரலால் தட்டிக் கல் ஆடும் ஒலி கேட்கிறதா என்றும் கவனியுங்கள். ஆடினால் அங்கேயே திருப்பிக் கொடுத்து இறுக்கச் சொல்லுங்கள்.